ஆறு மணிப் பூஜ்ஜியம்

3 மார்ச், திங்கள்

இந்த டைரி போன வருடத்தது. உரக்கடையில் சும்மா கொடுத்தார்கள். கிழமையெல்லாம் தப்பு. பேனாவால் அடித்துத் திருத்தி எழுதுகிறேன். இதிலேயே எரிச்சல் ஆரம்பமாகிவிடுகிறது.

இன்று தூத்துக்குடி இறால் பதனிடும் ஆலையில் எங்கள் பெட்டியை மாட்டினேன். பேருந்து தாமதம், போய்ச் சேரப் பதினொன்று. ஐஸ் போடும் குளிர்சாதனத்தில் ஓடுவது அம்மோனியா. குழாய்கள் எல்லாம் இறால் உரிக்கும் கூடத்துச் சுவருக்குப் பின்னால் போகின்றன. கசிந்தால் பெட்டி கத்த வேண்டும். நாற்பது நாள் சோதனை. பிடித்துப்போனால் இவர்களுடைய எல்லா ஆலைக்கும் எங்கள் பெட்டிதான்.

மேனேஜர் கிருபாகரன் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். சொன்னேன். அம்மோனியா விழுங்குகிற ஒளி ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒளியை லேசரில் விட்டு விட்டுப் பாய்ச்சினால் வாயு சூடாகும், ஆறும், சூடாகும், ஆறும். காற்று விரிந்து சுருங்கும். விரிந்து சுருங்கினால் அது சத்தம். கைக்கடிகாரத்துக்குள் இருக்கிற மாதிரி இரண்டு கிளையாகப் பிரிந்த ஒரு சின்னக் குவார்ட்ஸ் கவை அந்தச் சத்தத்துக்கு நடுங்கும். நிறைய நடுங்கினால் நிறைய வாயு. நடுங்காவிட்டால் வாயு இல்லை.

"எங்க காதுக்குக் கேக்குமா?" என்றார்.

"கேக்காது சார்."

"அப்போ சரி. இங்க ஏற்கெனவே நாப்பது பொம்பளைங்க சத்தம் போதும்."

அவரே சிரித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. முதல் நாளே பல்லைக் காட்டினால் இந்த ஆட்களிடம் காலம் தள்ள முடியாது.

வாயு இல்லாத காற்று எது என்று பெட்டிக்குத் தினமும் ஒருமுறை காட்ட வேண்டும். அதுதான் அதன் பூஜ்ஜியம். நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து காட்டுவதுதான் முறை. சிலிண்டர் வந்துவிட்டது, அதன் வாயில் மாட்டுகிற ரெகுலேட்டர் வரவில்லை. கூரியர்காரன் வாழ்க. அதுவரை கூடத்துக் காற்றிலேயே பூஜ்ஜியம் போடச் சொல்லிவிட்டேன். ஆறரைக்கு ஷிஃப்ட். ஆட்கள் வந்துவிட்டால் மூச்சு, ஈரம், பவுடர் வாசம் எல்லாம் சேரும். ஆறு மணிக்குக் கூடம் சுத்தமாக இருக்கும். ஒரு ஸ்டிக்கரில் மார்க்கரால் எழுதிப் பெட்டி மேல் ஒட்டினேன்: 'தினமும் காலை 6 மணிக்கு, ஆட்கள் வருமுன், பச்சைப் பொத்தானை 5 விநாடி அழுத்தவும். - பெனிட்டா.'

5 மார்ச், புதன்

துணியெல்லாம் இறால் நாற்றம். இரண்டு முறை அலசியும் போகவில்லை. தெருப் பூனை ஒன்று வாசல் வரை பின்னாலேயே வருகிறது. வேறு யாரும் இவ்வளவு பிரியமாக என் பின்னால் வந்ததில்லை.

11 மார்ச், செவ்வாய்

ரெகுலேட்டர் வந்தது. பிரிக்க நேரமில்லை. பீரோ மேல் வைத்தேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரம்மா, "மோட்டாரு காயிலு போச்சு" என்கிறார், நான்தான் காயிலைத் தின்றுவிட்ட மாதிரி.

14 மார்ச், வெள்ளி

கொதிக்கிறது எனக்கு. காலையில் கிருபாகரன் போன். கூடத்துப் பெண்கள் அம்மோனியா வாடை அடிக்கிறது என்கிறார்களாம். பெட்டியில் பூஜ்ஜியம்தான் இருக்கிறதாம். வந்து இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றார்.

போனேன். கூடத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். இறால், ஐஸ், குளோரின் தண்ணீர். வேறொன்றும் இல்லை. அப்போது ஒரு பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஜெபக்கனி என்று பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கூடத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய்.

"பெட்டி மாட்டின மேடம் நீங்கதானா?"

"ஆமா."

"அது செத்துப் போச்சு. மாத்துங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எதை வச்சுச் சொல்றீங்க?"

"மூக்க வச்சுத்தான். காலைல கதவத் தொறந்து உள்ள வந்தா கண்ணு எரியுது. நெஞ்சு கமறுது. எறால உரிக்கவா, மூக்கப் பொத்தவா? மாரிச்செல்வி ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி. அவ தெனம் வாந்தி எடுக்கா."

"நான் இப்ப மோந்து பாத்தேனே, ஒண்ணுமில்லையே."

"இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு."

"அதாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

'அதாம்' என்றால் என்ன பதில் இது? இரண்டு வருடம் இந்தப் பெட்டிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிருபாகரனைக் கூப்பிட்டேன். எல்லாரையும் நிற்க வைத்து, பையிலிருந்த அம்மோனியாக் கரைசல் குப்பியைத் திறந்து பெட்டியின் மூக்குக்குக் கீழே காட்டினேன். எண் அறுபதுக்குப் பாய்ந்தது. அலாரம் அலறியது. முன்னால் நின்றவர்கள் பதறிப் பின்வாங்கினார்கள். "செத்த பெட்டியா இது?" என்று கேட்டேன். கிருபாகரன் கைதட்டினார்.

நிம்மதியாகச் சாப்பிட்டேன் இன்று. இரண்டு பரோட்டா கூடுதல்.

18 மார்ச், செவ்வாய்

கம்ப்ரசர் ஆபரேட்டர் ஆறுமுகநயினார் அண்ணாச்சியிடம் கேட்டேன். காலையில் பொத்தான் அழுத்துவதும் அவர்தான்.

"எனக்கு ஒரு வாடையும் தெரியல மேடம். இருவத்திரெண்டு வருசமா இங்கனதான் கெடக்கேன்."

"பொத்தானை மறக்காம அழுத்துறீங்களா?"

"ஒரு நாளு விட்டதில்ல. நீங்க எழுதிப் போட்டிருக்கியள்லா, அதப் பாத்து ஒண்ணு, ரெண்டுன்னு அஞ்சு வரைக்கும் எண்ணித்தான் விரல எடுக்கேன். வீட்ல கருவாடு கருகுனாக்கூட எனக்குத் தெரியாது, வீட்டுக்காரி சிரிப்பா. ஆனா வேலைல பெசகு வராது."

பொறுப்பான மனுஷன். இப்படி நாலு பேர் இருந்தால் நாடு உருப்படும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

24 மார்ச், திங்கள்

மாரிச்செல்வி காலையில் மயங்கி விழுந்திருக்கிறாள். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். கிருபாகரன் ஆறு பேரைப் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார். ஜெபக்கனி முதல் ஆள். விழுந்தவளும் அதில் உண்டு! காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்து விழுந்தாளாம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்புவார்களாம். ஏப்ரல் பத்தாம் தேதி விசாரணை, தொழிற்சாலை ஆய்வாளரும் வருவார். பொய்ப் புகார் என்று நிரூபித்தால் ஆறு பேருக்கும் வேலை போகும்.

"பெட்டியே சொல்லுதே மேடம். ஷிஃப்ட் தொடங்கும்போது மட்டும் வாடை அடிக்குமாம், பத்து மணிக்கு மேல அடிக்காதாம். வேலைக்கு வணங்காதவளுக வேற என்ன சொல்லுவாளுக?" என்றார். மாட்டிய நாளிலிருந்து உள்ள பதிவு முழுவதையும் வரைபடமாகப் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம்.

வயிற்றுப்பிள்ளைக்காரியை வேலையை விட்டு நிறுத்த என் பெட்டியை ஏன் இழுக்க வேண்டும்? வாங்குகிற வரை அது வெறும் பெட்டி, தேவை என்றதும் சாட்சியா? வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஆர்டர் இன்னும் கையில் இல்லை.

27 மார்ச், வியாழன்

தலைக்குக் குளித்தேன். மோட்டார் சரியாகிவிட்டது.

2 ஏப்ரல், புதன்

வரைபடம் போட உட்கார்ந்தேன். முப்பது நாளும் ஒரே கோடு. நான் குப்பியைக் காட்டிய அந்த ஒரு கொம்பைத் தவிர எல்லாம் பூஜ்ஜியம். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. எந்தக் கருவியும் இவ்வளவு ஒழுக்கமாக இருக்காது. நல்ல காற்றிலும் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும்.

அப்புறம்தான் நினைவு வந்தது. போன வருடம் ஒரு வாடிக்கையாளர், "மைனஸ் ஒண்ணுன்னா என்ன, காத்து கடன் வாங்கிருக்கா?" என்று கேலி செய்தார். எங்கள் முதலாளி ராஜரத்தினம் சார் மானம் போய்விட்டது என்று குதித்தார். நான்தான் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: பூஜ்ஜியத்துக்குக் கீழே எது வந்தாலும் பூஜ்ஜியம் என்றே காட்டு. அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வரிக்கு முந்திய மூலப் பதிவைத் திறந்தேன். தினமும் காலை ஆறு மணிக்குப் பூஜ்ஜியம். பத்து மணி வரை ஏறக்குறைய அப்படியே. பத்துக்கு மேல் சரசரவென்று இறக்கம். மைனஸ் இருபது. மைனஸ் இருபத்தெட்டு. மைனஸ் முப்பத்து மூன்று. ஒரு நாள் தவறாமல்.

சூட்டில் கவை தடம் மாறுகிறது. பங்குனி வெயில். அவ்வளவுதான். மலிவான கவை வாங்காதீர்கள் என்று சாரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாரா?

5 ஏப்ரல், சனி

பேருந்து நிறுத்தத்தில் ஜெபக்கனி. கையில் மாரிச்செல்விக்குக் கொண்டுபோகிற தூக்குவாளி. பார்க்காத மாதிரி திரும்பினேன். விடவில்லை.

"ஒரே ஒரு கேள்வி கேக்கேன். லாரி எத்தன மணிக்கு வரும் தெரியுமா?"

"எந்த லாரி?"

"சரக்கு ஏத்துத லாரி. பத்து மணி. அதுக்குத்தான் கடல் பக்கத்து ஷட்டரத் தொறப்பாவ. ராத்திரி பூரா கூடத்தப் பூட்டித்தான போடுதாவ? உள்ள கெடந்த வாடையெல்லாம் பத்து மணிக்குத்தான் வெளிய போவும். நீங்க ஒரு நாளாவது வெள்ளன வந்தியளா? பதினொரு மணிக்கு வந்து மோந்து பாத்துட்டு எங்கள பொய்க்காரின்னு சொல்லிட்டுப் போயிட்டிய."

பேருந்து வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். நான் ஏற வேண்டிய பேருந்தும் அதுதான். ஏறவில்லை.

பத்து மணி.

6 ஏப்ரல், ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். கோவிலுக்குப் போகவில்லை. பீரோ மேலிருந்த ரெகுலேட்டர் பார்சலைப் பிரித்தேன். அட்டை மேல் தூசி விரல் தடிமன்.

காய்கறிக்காரன் தராசுத் தட்டில் ஒரு கல்லை வைத்துக்கொண்டே முள்ளைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் என்ன ஆகும்? கல் கண்ணில் படாது. கல்லை எடுத்தால்தான் முள் கீழே போகும். அவ்வளவுதான் விஷயம். ராத்திரி முழுக்கப் பூட்டிய கூடத்தில் கசிந்து சேர்ந்த அம்மோனியாவைத்தான் ஆறு மணிக்கு இந்தப் பெட்டிக்குச் சுத்தமான காற்று என்று காட்டியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும். ஷட்டரைத் திறந்து கடல் காற்று வந்தால் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. உண்மை அந்த மைனஸில் இருந்தது. அதைத்தான் யாரும் பார்க்க முடியாதபடி நிரலில் மறைத்திருந்தது.

'நான் மறைத்திருந்தேன்' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன், போதுமா?

மைனஸ் முப்பத்து மூன்று என்றால் காலையில் குறைந்தது முப்பத்து மூன்று. பத்து லட்சத்தில் இருபத்தைந்து பங்கைத் தாண்டினாலே அலாரம் அடிக்க வேண்டும். அந்தக் காற்றில் ஏழு மாசக்காரி நின்றிருக்கிறாள்.

சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "பொத்தானை யார் அழுத்தினது?" என்றார்.

"ஆபரேட்டர். நான் சொல்லித்தான்."

"எழுத்துல இருக்கா?"

"ஸ்டிக்கர்ல இருக்கு."

"ஸ்டிக்கர்தானே? அது கிடக்குது. ஆபரேட்டர் தப்பா பூஜ்ஜியம் போட்டுட்டார்னு அறிக்கைல ஒரு வரி சேத்துரு. பெட்டி மேல குத்தமில்லன்னு ஆயிரும். அந்தப் பிள்ளைகளுக்கும் வேலை திரும்பக் கெடைச்சுரும். எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும். இருபத்திரண்டு வருடம் அங்கே மூக்கைத் தொலைத்த மனுஷன் அந்த எல்லாருக்குள் சேர்த்தி இல்லை. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் மறுக்கவில்லை. "பாக்கலாம் சார்" என்றேன். எப்படிப்பட்ட வார்த்தை அது, பாக்கலாம்!

8 ஏப்ரல், செவ்வாய்

அதிகாலை ஆட்டோ பிடித்து ஐந்தரைக்கெல்லாம் ஆலைக்குப் போனேன். கையில் ரெகுலேட்டர்.

ஆறுமுகநயினார் கூடத்துக் கதவைத் திறந்தார். ஒரே எட்டு வைத்தேன். கண்ணில் ஊசி குத்திய மாதிரி எரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. வெளியே ஓடி வந்து குனிந்து நின்று இருமினேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், சாவகாசமாக, அந்தக் காற்றுக்குள்ளிருந்து நடந்து வந்து.

முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு போய் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டினேன். நைட்ரஜன் விட்டுப் பூஜ்ஜியம் போட்டு, குழாயைக் கழற்றினேன். எண் ஏறியது. பத்து, இருபது, முப்பது. முப்பத்தாறில் நின்றது. அலாரம் அலறியது. போட்டோ எடுக்கப் பையில் போனைத் தேடினேன்.

அலாரம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தால் ஆறுமுகநயினார் பச்சைப் பொத்தானில் விரல் வைத்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்று, நான்கு, ஐந்து. எண் பூஜ்ஜியம்.

"என்ன பண்றீங்க?" கத்தினேன். என் அப்பா வயது. அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

"மணி ஆறு ஆயிட்டுல்லா மேடம்" என்றார்.

நாற்பது கிலோ சிலிண்டரைத் தூக்கி என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவரைச் சுவருக்குப் பின்னாலிருக்கிற பிரதான வால்வை மூடச் சொல்லி அனுப்பினேன். நைட்ரஜனில் மறுபடி பூஜ்ஜியம் போட்டேன். எண் ஏறியதும் படம் எடுத்தேன், பிறகு ஷட்டரை நானே தூக்கினேன்.

ஸ்டிக்கரின் ஒரு மூலை உரிந்திருந்தது. ஈரக் காற்று, பசை நிற்பதில்லை.

9 ஏப்ரல், புதன்

சுவருக்குப் பின்னால் ஒரு குழாய் இணைப்பில் கேஸ்கெட் இற்றுப்போயிருந்ததாம். மாற்றிவிட்டார்கள். கிருபாகரன் போனில் தேனாகப் பேசுகிறார். "ஆபரேட்டர் கோளாறுன்னு உங்க சார் சொன்னாரு. நானும் அப்படித்தான் நினைச்சேன்." இரண்டு பேரும் அதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். அறிக்கை மின்னஞ்சலில் வந்துவிட்டது. அந்த வரியை சாரே எழுதிவிட்டார். நான் கையெழுத்துப் போட்டால் போதும்.

சோறு வைக்கவில்லை. பூனைக்கு மட்டும் பால் வைத்தேன்.

10 ஏப்ரல், வியாழன்

மேனேஜர் அறை. ஆய்வாளர், கிருபாகரன், ஆறு பெண்கள், மூலையில் ஆறுமுகநயினார். துவைத்து மடிப்புக் கலையாத சட்டை போட்டு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கிருபாகரன் அறிக்கையை வாசித்தார். 'ஆபரேட்டரின் தவறான கையாளுதலால்' என்ற இடம் வந்தது. ஆறுமுகநயினார் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தான் எந்த இடத்தில் பிசகினோம் என்று என்னிடம் கேட்கிற மாதிரி பார்த்தார்.

"அது பொய்" என்றேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. "அவர் நான் எழுதினபடிதான் செஞ்சாரு. எப்படிப் பூஜ்ஜியம் போடணும்னு தப்பாச் சொன்னது நான். மைனஸைக் காட்டாம மறைச்சதும் நான். ரெகுலேட்டர் ஒரு மாசமா என் பீரோ மேல கெடந்தது. இந்தப் பொம்பளைங்க சொன்னது முதல் நாள்லேருந்து உண்மை."

"எழுதினபடின்னா? எங்க எழுதிருக்கு?" ஆய்வாளர் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் ஜெபக்கனி தன் போனை மேசை மேல் வைத்தாள். ஸ்டிக்கரின் படம். மார்ச் பதினாலு, நான் குப்பியைக் காட்டி எல்லாரையும் மிரட்டிய அதே நாள். 'ஆட்கள் வருமுன்'. கீழே என் பெயர். எல்லாரும் எழுந்து கூடத்துக்குப் போய் அசலையும் பார்த்தோம். ஆய்வாளர் வாசித்து எழுதிக்கொண்டார்.

ஆறு பேரும் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம். மாரிச்செல்விக்கு ஆலைச் செலவில் பரிசோதனை. ஆறுமுகநயினார் மேல் நடவடிக்கை இல்லை. சார் என் போனை எடுக்கவில்லை. ஆர்டரும் இல்லை, அநேகமாக வேலையும் இல்லை.

யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கைகழுவும் குழாயடியில் ஜெபக்கனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"போட்டோல நாலு மூலையும் நல்லா ஒட்டிருந்துச்சு. இப்ப ஒரு மூல உரிஞ்சு கெடக்கு. பாத்தியளா?"

"ஈரம். பசை நிக்காது."

அவள் கையை உதறிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"மேடம், எனக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன். அந்த மூலையை உரித்தது நான். செவ்வாய்க்கிழமை, அந்த மனுஷன் வால்வை மூடப் போயிருந்தபோது, நகத்தால். பாதி வரை வந்தது. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன். சத்தம் கேட்டிருக்காவிட்டால் முழுவதையும் உரித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போய் இதை ஜெபக்கனியிடம் சொல்ல வேண்டும். ஆறுமுகநயினாரும் பக்கத்தில் இருக்கும்போது.